புத்தகம் தின்னும் மகளுக்கு என்ன வாங்குவது? பெங்களூர்த் தமிழ் வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் ஒரு பெண் வாரத்துக்கு இரண்டு புத்தகம் முடிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு நூறு ஆகிறது. நூறையும் புதிதாக வாங்கக் கட்டுப்படி ஆகாது. அகப்பட்டதை எல்லாம் அள்ளிக் கொடுத்தால், ஒரே அச்சில் வார்த்த கதைகளையே திரும்பத் திரும்பப் படித்து ருசி மழுங்கிப்போகும். அவளை வாசிக்க வைக்க நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், அவளே வாசிக்கிறாள். கை நீட்டும்போது பொருத்தமான புத்தகம் அங்கே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

பெங்களூரில் இதில் ஒரு முடிச்சு கூடுதல். பள்ளியில் ஆங்கிலம், கன்னடம், பெரும்பாலும் இந்தி. தமிழ் வீட்டுப் பேச்சோடு சரி. ஆறாம் வகுப்புப் பெண் ஆங்கிலத்தில் முந்நூறு பக்க நாவலை இரண்டு நாளில் முடிப்பாள். ஊருக்குப் போனால் பஸ் பலகையை எழுத்துக்கூட்டிப் படிப்பாள். அவளுக்கு வயது மூன்று என்று எடுத்துக்கொள்ளுங்கள்: ஆங்கிலம் வாசிக்கும் வயது, தமிழ் வாசிக்கும் வயது, மனசின் வயது. பின்னட்டையில் '9+' என்று போட்டிருப்பது இந்த மூன்றில் எதையும் உங்களுக்குச் சொல்லாது.

முதலில் அளவெடுங்கள்

ஆங்கிலத்துக்கு விரல் மடக்கும் முறை போதும். புத்தகத்தின் நடுவில், படம் இல்லாத முழுப் பக்கம் ஒன்றைப் பிரித்து அவளை வாசிக்கச் சொல்லுங்கள். பொருள் தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரல் மடக்க வேண்டும். ஒரு விரல் வரை மடங்கினால் சுலபமான புத்தகம். பஸ்ஸில், பரீட்சை முடிந்த அன்று படிக்க நல்லது. இரண்டு மூன்று என்றால் சரியான அளவு. நான்கு என்றால் பக்கத்தில் ஒருவர் வேண்டும். ஐந்து விரலும் மடங்கினால் ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: நிறைய வாசிக்கும் பெண்கள் தெரியாத சொல்லை இடம் பார்த்து ஊகித்துக்கொண்டு விரலை மடக்கவே மாட்டார்கள். அதனால் பக்கம் முடிந்ததும் "இப்போ என்ன நடக்குது?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டால் புத்தகம் அவளுக்கு ஆகும்.

தமிழுக்கு இந்த முறை ஒத்துவராது. சொல்லின் பொருள் அவளுக்குத் தெரிந்திருக்கும், எழுத்தில் பார்த்ததும் அடையாளம் தெரியாது. அதனால் நூறு சொல் எண்ணி, வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். நின்றுபோன இடத்தையும் தப்பாக வாசித்த இடத்தையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். தானே திருத்திக்கொண்டதைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஐந்துக்குள் இருந்தால் தனியாக வாசிப்பாள். ஆறு முதல் பத்து என்றால் நீங்கள் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். பத்துக்கு மேல் போனால் அந்தப் புத்தகத்தை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள்.

எங்கே தடுக்குகிறாள் என்பது எத்தனை முறை தடுக்கினாள் என்பதைவிட முக்கியம். ள, ழ, ஞ, ங என்று எழுத்திலேயே குழம்பினால் சின்னப் புத்தகங்களில் ஒரு மாதம் ஓட்ட வேண்டும். 'சொல்லிக்கொண்டிருந்தபோதுதான்' போன்ற நீண்ட கூட்டுச்சொல்லில் நின்றால், பயம் ஒன்றும் இல்லை. மாறி மாறி வாசித்தாலே சில வாரங்களில் கண் பழகிவிடும். மூன்றாவது வகை வேறு. எழுத்தெல்லாம் சரியாக வரும், ஆனால் 'உரைத்தாள்', 'வினவினான்', 'செவிமடுத்தாள்' என்று வந்ததும் முகம் சுருங்கும். அவள் காதில் விழும் தமிழ் "கேட்டான், சொன்னா" தான். அவளுக்கு உரையாடல் நிறைந்த, பேச்சுத் தமிழ் கலந்த கதைகள் வேண்டும். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் "இவளுக்குத் தமிழ் வராது" என்று முடிவு கட்டுவதுதான் அதிகம் நடக்கும் தப்பு.

மனசின் வயதை அளக்கக் கருவி இல்லை. சமீபத்தில் எந்தக் கதை அவளைத் தூங்கவிடாமல் செய்தது, எதைப் பாதியில் மூடி வைத்தாள் என்று கவனியுங்கள். நாய் செத்துப்போகும் கதையைத் தாங்க முடியாத பெண் கொலைத் துப்பறியும் கதையைச் சிரித்துக்கொண்டே படிப்பாள். பயம் வேறு, துக்கம் வேறு. இரண்டையும் தனித்தனியாக அறிந்து வைத்திருங்கள்.

கடையில் நின்று பத்து நிமிஷம்

அட்டையைப் பார்த்து வாங்காதீர்கள். தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் முதலில் பிரியுங்கள். 'அப்ரிட்ஜ்ட்', 'ரீடோல்ட்' என்றோ, தமிழில் 'சுருக்கம்', 'தழுவல்' என்றோ இருந்தால் யோசியுங்கள். நானூறு பக்க உலகப் புகழ் நாவலை நூறு பக்கத்துக்கு நறுக்கி, பெரிய எழுத்தில் போட்டு விற்பார்கள். கதைச் சம்பவம் இருக்கும். அந்த எழுத்தாளரின் குரல் போயிருக்கும். வாசிப்பில் தயங்குகிற பிள்ளைக்கு அது ஒரு படிக்கட்டாக உதவலாம். வாசிப்பை நேசிக்கிற பெண்ணுக்கு நஷ்டம்தான். "அதைப் படிச்சாச்சே" என்று அசல் புத்தகத்தை வாழ்நாளெல்லாம் ஒதுக்கிவிடுவாள். இரண்டு வருஷம் பொறுத்து அசலையே கொடுங்கள்.

அடுத்து முதல் இரண்டு பக்கம். பிறகு, புத்தகத்தின் மூன்றில் இரண்டு பங்கு தாண்டிய இடத்தில் ஒரு நான்கைந்து பக்கம். கதையின் நெருக்கடி அங்கேதான் உச்சத்துக்கு வரும். வன்முறை எவ்வளவு, காதல் எவ்வளவு, பெரியவர்கள் பிள்ளைகளை எப்படி நடத்துகிறார்கள் என்பதெல்லாம் அந்தப் பக்கங்களில் வெளிப்பட்டுவிடும். அங்கே நான்கு விஷயம் பாருங்கள். சிக்கலை அவிழ்ப்பது யார், அந்தப் பெண்ணா, அல்லது கடைசியில் வந்து குதிக்கும் மாமாவா? அழகு என்றால் வெள்ளை நிறம், ஒல்லி உடம்பு என்று கதை தானாகவே எடுத்துக்கொள்கிறதா? பெரியவர் ஒருவர் "யார்கிட்டயும் சொல்லாதே" என்று சொல்வதைக் கதை பாசமாகக் காட்டுகிறதா? கேலி செய்கிறவன் கதாபாத்திரமா, கதையை எழுதியவரேவா? கெட்டவன் கேலி பேசலாம். கதையே சேர்ந்து சிரித்தால் புத்தகத்தைத் திருப்பி வையுங்கள்.

தமிழ்ப் புத்தகமானால் கடைசிப் பத்தியையும் பாருங்கள். 'இதிலிருந்து நாம் அறிவது' என்று முடிகிறதா? பத்து வயதுக்கு மேல் அந்த வரியை எந்தப் பிள்ளையும் மன்னிப்பதில்லை. அடுத்த தமிழ்ப் புத்தகத்தையும் அதே சந்தேகத்தோடுதான் பிரிப்பாள்.

அச்சும் கட்டும் தமிழில் கூடுதல் முக்கியம். வரிக்கு வரி இடைவெளி தாராளமாக இருக்க வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளி மேல் வரியோடு ஒட்டி நின்றால் புதிதாக வாசிப்பவர் கண் தவறிவிடும். பக்கத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடியுங்கள். பின்பக்க எழுத்து முன்னால் தெரிந்தால் அரை மணி நேரத்தில் கண் வலிக்கும். நடுவில் பிரித்து லேசாக அழுத்துங்கள்; பசை 'சடக்' என்றால் நான்காவது வாசிப்பில் தாள் உதிரும். பிடித்த புத்தகத்தை அவள் நான்கு முறை படிக்கத்தான் போகிறாள். நடைபாதையில் பாதி விலைக்குக் கிடைக்கும் 'புது' ஆங்கிலப் புத்தகங்கள் பலவும் திருட்டு அச்சு: எழுத்து மங்கல், வரி சாய்வு, சிலதில் பதினாறு பக்கம் காணாமலே போயிருக்கும். அங்கே நின்று பக்க எண்ணைச் சரிபார்ப்பதைவிட பழைய புத்தகக் கடையில் அசலை வாங்கலாம்.

பாட்டி வீட்டுப் பரணிலிருந்தோ, நூலகத்தின் பழைய அலமாரியிலிருந்தோ தமிழ்ப் புத்தகம் எடுத்தால் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978இல். அதற்கு முந்தைய அச்சில் ணை, லை, ளை, னை நான்கும் மேலே யானைத் தும்பிக்கை போல வளைந்த கொம்போடு இருக்கும். ணா, றா, னா மூன்றும் காலைப் பக்கத்தில் வைக்காமல் கீழே சுழித்து எழுதப்பட்டிருக்கும். ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ ஆறும் அப்படியே. மொத்தம் பதின்மூன்று எழுத்து. 'வந்தானா' என்ற சொல்லில் அவள் திகைத்து நின்றால் தப்பு அவளுடையது அல்ல. ஒரு தாளில் பதின்மூன்றையும் பழசும் புதுசுமாக எழுதி, புத்தகக்குறி போல உள்ளே வைத்துக் கொடுங்கள். ரகசிய எழுத்து மாதிரி இருக்கிறது என்று இந்த வயதில் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போகும்.

தமிழை எங்கிருந்து தொடங்குவது

தமிழ் வாசிப்பு எட்டு வயதில் நிற்கும், மனசு பன்னிரண்டில் இருக்கும். காக்கா வடை கதையைக் கொடுத்தால் அவமானமாக எடுத்துக்கொள்வாள். கனமான நாவலைக் கொடுத்தால் மூன்றாம் பக்கத்தில் சோர்ந்துவிடுவாள். இதற்கு நடுவில் சில வழிகள் உண்டு.

மிகவும் பலிப்பது, ஆங்கிலத்தில் படித்து ரசித்த கதையைத் தமிழில் மறுபடி கொடுப்பது. என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்திருப்பதால் சொல்லில் தடுக்கினாலும் கதையில் தடுக்கமாட்டாள். ஜப்பானியச் சிறுமி டோட்டோ-சானின் பள்ளிக்கூட நினைவுகள் இதற்கு அருமையான தொடக்கம். நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் வெளியிட்டிருக்கிறது. அத்தியாயங்கள் குட்டி குட்டியானவை, ஒரு நாளைக்கு ஒன்று ஓடும்.

இரண்டாவது, ஸ்டோரிவீவர். பெங்களூரிலேயே இயங்கும் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய இலவச இணைய நூலகம். கதைகள் நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பத்து வயதுப் பெண்ணை இரண்டாம் நிலையில் ஆரம்பித்து, ஒரு வாரத்துக்கு நாலைந்து கதை என்று ஓட்டி, மூன்றுக்கு ஏற்றுங்கள். பல கதைகள் கன்னடத்திலும் தமிழிலும் இருக்கும். பள்ளியில் கன்னடம் நன்றாக வாசிக்கிறாள் என்றால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கட்டும்; ஒரே சொல் இரண்டு மொழியிலும் முகம் காட்டுவதைத் தானே கண்டுபிடிப்பாள்.

படப் புத்தகங்களைக் கொடுக்க ஒரு மரியாதையான வழியும் உண்டு: தம்பிக்கோ, எதிர் ஃபிளாட் குழந்தைக்கோ வாசித்துக் காட்டச் சொல்வது. தூலிகா பதிப்பகத்தின் இருமொழிப் புத்தகங்கள் இதற்கு நன்றாக உதவும். அப்போது அவள் அக்கா, சின்னப் பிள்ளை இல்லை.

காமிக்ஸைக் குறைவாக நினைக்காதீர்கள். குமிழிக்குள் இருப்பது பேச்சு. இரண்டு மூன்று வரிக்குமேல் போகாது. படம் பொருளைச் சொல்லிவிடும். சிவகாசியிலிருந்து 1972 முதல் வரும் முத்து காமிக்ஸும் அதன் துணை வெளியீடுகளும் இன்றும் கிடைக்கின்றன. துப்பாக்கிக் கதைகள் அதிகம் என்பதால் புரட்டிப் பார்த்து எடுங்கள்; லக்கி லூக் மாதிரி நகைச்சுவை வரிசை இந்த வயதுக்குப் பொருந்தும். அறிவியலில் ஆர்வம் இருந்தால் துளிர் மாத இதழுக்குச் சந்தா கட்டுங்கள். தன் பெயர் எழுதிய உறையில் தபால் வந்தால் வாசிப்பாள்.

நூறு சொல்லில் தடுக்கல் ஐந்துக்குள் வந்ததும் நாவலுக்குப் போகலாம். சாகித்திய அகாடமி 2010 முதல் சிறார் இலக்கியத்துக்குத் தனியாக வழங்கும் பால சாகித்திய புரஸ்கார் பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே தரம் என்று சொல்ல முடியாது, ஆனால் நல்ல வாசல். உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' (2023 விருது) கீழடியைச் சுற்றி நடக்கிறது. துப்பறியும் கதைப் பிரியைக்குப் பிடிக்கும். விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' 2025இல் விருது பெற்றது. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' (2020) சிறுமிக்கு நேரும் பாலியல் தொல்லையை, அவள் வயதுக்கு ஏற்ற மொழியில் பேசுகிறது. அதை முதலில் நீங்கள் படித்துவிட்டுக் கொடுங்கள். படிக்கும் நாட்களில் வீட்டில் இருங்கள். கேள்வி வந்தால் அடுப்படி வேலையை நிறுத்திவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

பொன்னியின் செல்வனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. "என் வயசுல நான் அஞ்சு பாகமும் முடிச்சேன்" என்று பெரியப்பா சொல்லாத தமிழ் வீடு குறைவு. அவருக்கு அது 1950களில் தொடராக வந்தபோது வீடே காத்திருந்து படித்த கதையின் எதிரொலி. இவளுக்கு அது இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல் உள்ள பழைய நடை. ஐந்து பாகத்தையும் பெட்டியோடு பிறந்தநாளுக்கு வாங்கி அலமாரியில் நிறுத்தினால் அது அங்கேயே நிற்கும். முதல் பாகம் மட்டும் எடுங்கள். வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வரும் முதல் அத்தியாயத்திலிருந்து, இரவு ஒரு அத்தியாயமாகப் பெரியப்பாவே வாசித்துக் காட்டட்டும். பத்துப் பதினைந்து இரவில் அவளுக்கே பொறுமை போய்ப் புத்தகத்தைப் பிடுங்கிக்கொள்வாள். பிடுங்கவில்லை என்றால் அடுத்த வருஷம் பார்க்கலாம்.

வளரும் வயதின் புத்தகங்கள்

தொடர் வரிசைகளில் ஒரு பொறி உண்டு. நாயகனுக்கு வயது ஏற ஏற கதையும் இருளும். ஹாரி பாட்டரின் முதல் புத்தகம் (1997) பிரிட்டிஷ் முதல் பதிப்பில் 223 பக்கம், பதினோரு வயதுப் பையனின் கதை. நான்காவது (2000) 636 பக்கம். முடிவில் உடன் போட்டியிட்ட மாணவன் கொல்லப்படுகிறான். முதல் புத்தகம் ஒன்பது வயதில் சரியாக இருந்தது என்பதற்காக மொத்தப் பெட்டியையும் வாங்கி வைத்தால், ஒரு கோடை விடுமுறையில் ஐந்து வயது வித்தியாசத்தைத் தாண்டிவிடுவாள். மூன்றாவதற்குப் பிறகு இடைவெளி விடுங்கள்.

நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க், தன் டைரியைப் பதின்மூன்றாவது பிறந்தநாளில் பெற்றாள். உங்கள் மகளுக்கு அதைப் பன்னிரண்டு வயதில் கொடுக்கலாம். எந்தப் பதிப்பு என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். 1947இல் தந்தை வெளியிட்டபோது நீக்கிய, உடல் வளர்ச்சி பற்றியும் அம்மாவோடு இருந்த கசப்பு பற்றியும் அவள் எழுதிய பகுதிகள், பின்னால் வந்த முழுப் பதிப்பில் சேர்க்கப்பட்டன. மறைக்க வேண்டியவை ஒன்றுமில்லை. ஆனால் டைரி 1944 ஆகஸ்ட் 1ஆம் தேதியோடு நின்றுவிடும். அதன் பிறகு என்ன நடந்தது என்பதை ஒரு பெரியவர் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

மாதவிடாய் பற்றிய புத்தகம் பத்து வயதுக்குள் வீட்டில் இருக்கட்டும். ஒன்பது வயதிலிருந்து படிக்கும்படி வரையப்பட்ட மென்ஸ்ட்ருபீடியா காமிக் இந்திய வீட்டுச் சூழலிலேயே அமைந்தது. கையில் கொடுத்துப் பிரசங்கம் செய்ய வேண்டாம். மற்ற புத்தகங்களோடு அலமாரியில் வைத்து, "இதுவும் இருக்கு, எப்போ வேணும்னாலும் கேளு" என்றால் போதும்.

எங்கே, எவ்வளவு

நூறு புத்தகத்தில் அறுபது நூலகத்திலிருந்து, முப்பது பழைய புத்தகமாக, பத்து மட்டும் புதிதாக என்று திட்டமிடுங்கள். அந்தப் பத்தில் பாதி தமிழாக இருக்கட்டும், ஏனென்றால் இந்த ஊரில் பழைய தமிழ்ச் சிறார் புத்தகம் கிடைப்பது அபூர்வம்.

கப்பன் பார்க்கில் இந்திரா பிரியதர்ஷினி குழந்தைகள் நூலகம் இருக்கிறது. கிளம்பும் முன் வார விடுமுறை எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். தமிழுக்கு அல்சூர் ஏரிப் பக்கத்தில் பெங்களூர்த் தமிழ்ச் சங்க நூலகம். பழைய ஆங்கிலப் புத்தகத்துக்கு எம்.ஜி. ரோடு மெட்ரோவில் இறங்கி சர்ச் ஸ்ட்ரீட் நடந்தால் பிளாசம், புக்வார்ம் இரண்டும் அங்கேயே. சனிக்கிழமை காலை, கூட்டம் சேரும் முன் போங்கள். ஒரு மணி நேரம் அவளைத் தரையில் உட்காரவிட வேண்டும். அவென்யூ ரோட்டில் பாடப்புத்தகம்தான் அதிகம், கதைப் புத்தகத்துக்கு அலைச்சல். ஜூலை வாக்கில் ஓசூர்ப் புத்தகத் திருவிழா, ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி: வருஷத்துத் தமிழ்ப் புத்தகத்தை அங்கே பத்து சதவீதக் கழிவில் மொத்தமாக வாங்கிவிடலாம். போகும்போது பட்டியலோடு போங்கள், பாரதி புத்தகாலயத்தின் சிறார் வெளியீடுகளும் வானம் பதிப்பகமும் விட்டுப்போகாமல்.

ஒரு முறைக்கு ஐந்து புத்தகம் எடுத்தால்: இரண்டு முழுக்க அவள் இஷ்டம், நீங்கள் வாய் திறக்கக் கூடாது. இரண்டு, அவள் ரசனையிலிருந்து ஒரே ஒரு அடி தள்ளி. துப்பறியும் கதை பிடிக்கும் என்றால் சங்கேத எழுத்துகளை உடைப்பது பற்றிய புத்தகம், அல்லது தொல்லியல். குதிரைக் கதை பிடிக்கும் என்றால் காட்டுயிர். மூன்று அடி தள்ளிப்போனால் தொடமாட்டாள். ஐந்தாவது தமிழ்.

முப்பது பக்கம் படித்தும் ஒட்டவில்லை என்றால் மூடிவிடலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முடித்ததும் "கதையைச் சுருக்கிச் சொல்லு" என்று கேட்காதீர்கள்; அன்றோடு அது வீட்டுப்பாடம் ஆகிவிடும். அதே புத்தகத்தை ஐந்தாவது முறை எடுத்தால் விட்டுவிடுங்கள். பரீட்சையில் மார்க் குறைந்தால் டிவியை நிறுத்துங்கள், புத்தகத்தைப் பிடுங்காதீர்கள்.

ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்து, தலைப்பு, தேதி, முடித்தாளா நிறுத்தினாளா என்று மட்டும் அவளே எழுதட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவளோடு உட்கார்ந்து புரட்டுங்கள். நிறுத்தியவை எல்லாம் ஒரே மாதிரிப் புத்தகமாக இருந்தால் தேர்வை மாற்ற வேண்டும். எல்லா வகையும் நின்றுபோயிருந்து, புத்தகத்தை முகத்துக்கு அருகே பிடிக்கிறாள், சாயங்காலம் தலை வலிக்கிறது என்கிறாள் என்றால், புத்தகக் கடைக்குப் போகும் முன் கண் டாக்டரிடம் காட்டுங்கள்.